தோற்றவர் கையில் எஞ்சுவது

வெற்றிக்கு விதி வகுப்பது எளிது. தோல்விக்கு விதி வகுப்பதே அரிது. விளையாட்டு எதுவாயினும் வென்றவருக்குப் பரிசு உண்டு. தோற்றவர் எதை இழக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், எங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதில்தான் விளையாட்டை ஆக்குவோரின் அறிவும் அறமும் வெளிப்படுகின்றன. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும். இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் தம்மை ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாவித்துக்கொள்கிறார். பகைவரோடு பொருது, பொன்னும் படைக்கலமும் சேர்த்து, படிப்படியாக ஆற்றலில் வளர்கிறார். பல நாள் உழைப்பால் வளர்த்த அப்பாத்திரம் ஒரு நொடியில் மடிந்தால் என் செய்வது?

இவ்விளையாட்டுகளின் தாய், கணினியில் பிறந்ததன்று. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் படைப்பாக வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படுவது. ஆட்டத்தை நடத்த அங்கே ஒரு நடுவர் இருந்தார். வீரன் வீழும் நிலை வந்தால், விதியை எவ்வளவு கடுமையாகச் செலுத்துவது என்பதை அவர் ஆடுவோரின் முகம் பார்த்து முடிவு செய்யலாம். கணினிக்கு அக்கண்ணோட்டம் இல்லை. ஆகவே, இரக்கமோ கடுமையோ, எதுவாயினும் முன்கூட்டியே விதியாக எழுதப்பட வேண்டியதாயிற்று.

தொடக்கக் காலத்து விதிகள் கடுமையானவை. அமெரிக்க மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் 1980ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘ரோக்’ என்னும் விளையாட்டில், நிலத்தடியே உள்ள புதிர்ச்சுரங்கத்தில் இறங்கித் தாயத்து ஒன்றை மீட்டு வர வேண்டும். இடையில் மடிந்தால் திரையில் ஒரு கல்லறை தோன்றும். அதில் ஆடியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவே. ஆட்டத்தை நிறுத்திச் சேமித்து வைக்கலாம். ஆயினும் மீண்டும் திறந்த அளவிலேயே அச்சேமிப்பு அழிக்கப்படும். அடுத்த முறை சுரங்கமும் புதிதாக அமையும். பாத்திரத்திற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆடியவரின் நெஞ்சில் பதிந்த பட்டறிவு மட்டுமே எஞ்சும்.

1981இல் ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோர் படைத்த ‘விசார்ட்ரி’ சற்றே இரங்கியது. ஆறு பேர் கொண்ட குழு சுரங்கத்தில் மாண்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். வேறொரு குழுவை அனுப்பி அவற்றைத் தேடி எடுத்து வரலாம். கோவிலில் பொன் கொடுத்து உயிர்ப்பிக்கவும் முயலலாம். அம்முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். மறுமுறையும் தவறினால் அவ்வீரன் என்றென்றைக்கும் இல்லாமற் போவான். நம்பிக்கைக்கு இடமிருந்தது, உறுதிதான் இல்லை.

இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. ‘விசார்ட்ரி’ முதலிய அமெரிக்க விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட யூஜி ஹோரி, அவற்றை இதற்கு முன் ஆடியறியாத சிறுவரும் ஆடத்தக்கதாக 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ என்பதை அமைத்தார். அதில் வீரன் தோற்றால் ஆட்டம் முடிவதில்லை. அவன் அரசனின் முன்னே கண் விழிக்கிறான். கையிலிருந்த பொன்னில் பாதி குறைந்திருக்கும். ஆயினும் அவன் பெற்ற அனுபவமும், அதனால் உயர்ந்த ஆற்றலும், படைக்கலங்களும் அப்படியே இருக்கும். உடைமையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, கற்றதை விட்டுவைக்கும் இவ்விதி எளியதாகத் தோன்றினும் ஆழ்ந்த கருத்துடையது. தோல்வி வலிக்கவும் வேண்டும். தோற்றவர் தொடரவும் வேண்டும் என்னும் இரு தேவைகளையும் அது ஒருங்கே நிறைவேற்றியது. 1996இல் வெளிவந்த ‘போக்கிமோன்’ விளையாட்டும் இவ்வழியையே பின்பற்றியது. அதில் தோற்ற உயிரினங்கள் சாவதில்லை. மயங்கி விழுந்து, சிகிச்சைக்குப் பின் எழுகின்றன.

எனினும் கடுமையின் வழி அற்றுப்போகவில்லை. 1990இல் ஜப்பானில் தொடங்கிய ‘ஃபயர் எம்பிளம்’ விளையாட்டில் போரில் வீழ்ந்த தோழர் மீண்டும் வாரார். இழப்பின் அருமையை உணர்த்துவதே அவ்விதியின் நோக்கம். நடந்ததோ வேறு. ஒரு தோழரை இழந்தவுடன் கருவியை அணைத்து, அப்போரை முதலிலிருந்து ஆடுவது பலருக்கு வழக்கமாயிற்று. அளவு கடந்த தண்டனை பாடம் புகட்டுவதில்லை. தப்பும் வழியையே கற்பிக்கிறது. அத்தொடரில் 2010இல் வெளிவந்த ஒரு விளையாட்டு, வீழ்ந்தவர் அடுத்த கட்டத்தில் திரும்பி வரும் எளிய முறையையும் விருப்பத் தேர்வாக வைத்தது.

பல்லாயிரவர் ஒருங்கே ஆடும் இணைய விளையாட்டுகளிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’டில் மடிந்தவர் திரட்டிய அனுபவத்தையே ஓரளவு இழந்தார், உடைமைகளை மீட்க, தம் உடல் கிடந்த இடத்திற்கு வெறுங்கையோடு செல்ல வேண்டியிருந்தது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அனுபவத்தில் கை வைக்கவில்லை. சிறிது நேரமும், தேய்ந்த கருவிகளைப் பழுதுபார்க்கும் செலவுமே இழப்பாயின.

கடுமையையும் இரக்கத்தையும் புதியதொரு முறையில் இணைத்தவர் ஹிடேடாகா மியாசாகி. அவர் இயக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ 2009இலும், ‘டார்க் சோல்ஸ்’ 2011இலும் வெளிவந்தன. இவற்றில் மடிந்தவர் அதுவரை சேர்த்துச் செலவிடாத செல்வம் முழுவதும் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கும். அவ்விடத்தை மீண்டும் அடைந்தால் அனைத்தும் கிட்டும். வழியில் மறுபடி மடிந்தால் அனைத்தும் போகும். வீழ்ந்த இடத்திற்கே திரும்பிச் செல்லத் தூண்டும் விதி இது. இணையத்தின்வழி ஆடும்போது, பிறர் வீழ்ந்த இடங்களும் தரையில் குருதிக் கறையாகத் தென்படும். தொட்டால் அவர்தம் இறுதிக் கணங்கள் நிழலுருவாய் விரியும். ஒருவரது தோல்வி மற்றவருக்கு வழிகாட்டியாகிறது.

2020இல் முழுமை பெற்ற ‘ஹேடீஸ்’ மேலும் ஒரு படி சென்றது. பாதாள உலகிலிருந்து தப்ப முயலும் இளவரசன் மடியுந்தோறும் தந்தையின் இல்லத்திற்கே திரும்புகிறான். அங்குள்ளோர் அவனோடு புதியன பேசுகின்றனர். கதை வளர்வதற்குத் தோல்வியே வாயிலாகிறது.

‘ரோக்’ முதல் ‘ஹேடீஸ்’ வரை நாற்பது ஆண்டுகள். கடுமை நீங்கி இரக்கம் வென்றது என்று இவ்வரலாற்றைச் சுருக்குவது பொருந்தாது. ‘ரோக்’கின் வழித்தோன்றல்கள் இன்றும் விரும்பி ஆடப்படுகின்றன. ஆடுவோர் வெறுப்பது தோல்வியை அன்று. தோல்வியால் தாம் கற்றது வீணாவதையே. பொன்னை இழந்தவரும் படைக்கலத்தை இழந்தவரும் மீண்டும் வருகின்றனர். தம் முயற்சிக்குப் பொருளே இல்லை என்று உணர்ந்தவர் வருவதில்லை.

வகுப்பறையிலும் தோல்விக்கு விதி வகுப்போர் உளர். மேசையருகே இருந்த நடுவரைப் போல மாணவரின் முகம் பார்க்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு உண்டு. திருத்திய விடைத்தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண் குறைந்திருக்கலாம். அது பொன்னின் பாதி. அத்தாளைப் பெற்றுச் செல்லும் மாணவரின் கையில் எஞ்சுவது என்ன என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.