காட்டுத்தீயை தடுக்க காட்டுக்குள்ளேயே செடிகளை வெட்டுவது ஏன்? உண்ணிச்செடி முதல் தீத்தடுப்பு கோடு வரை முழு விளக்கம்

கோடை வந்தாலே மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கேயாவது காட்டுத்தீ என்ற செய்தி வந்துவிடுகிறது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகாவின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு எரிந்தது.

தீ பிடித்த பிறகு அணைப்பது ஒரு வேலை. ஆனால் முக்கியமான வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எரியக்கூடிய செடி, புல், சருகை முன்கூட்டியே குறைப்பதுதான் அது. அதை எப்படி செய்கிறார்கள்? பார்க்கலாம்.

காட்டுத்தீ எப்படி பரவுது?

தீ எரிய வெப்பம், காற்று, எரிபொருள் மூன்றும் வேணும். கோடை வெயிலையும் காற்றையும் நம்மால் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது எரிபொருள் மட்டும்தான்.

முதுமலை, பந்திப்பூர் போன்ற இலையுதிர் காடுகளில் மழைக்காலத்தில் புல் ஆளுயரத்துக்கு வளரும். ஜனவரிக்குப் பிறகு அது காய்ந்துவிடும். மரங்களும் இலையைக் கொட்டும். பிப்ரவரி முதல் மே வரை தரை முழுக்க சருகுதான். இந்தியாவில் பெரும்பாலான காட்டுத்தீ மனிதர்களால்தான் ஏற்படுகிறது. அணைக்காமல் வீசிய ஒரு பீடித்துண்டு போதும்.

உண்ணிச்செடி ஏன் ஆபத்து?

சாலையோரம் சிவப்பு, மஞ்சள் பூவோடு நாம் பார்க்கும் உண்ணிச்செடிதான் லண்டானா. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதை, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். இப்போது இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 40 சதவீதப் பரப்பில் இது பரவியிருப்பதாக ஆய்வு சொல்கிறது.

சருகில் மட்டும் எரியும் தீ பொதுவாகத் தாழ்வாகப் போகும். பெரிய மரங்கள் தப்பிவிடும். ஆனால் காய்ந்த உண்ணிப் புதர் தீக்கு ஏணி போல. தரையில் இருக்கும் தீ அதைப் பிடித்து மரத்தின் உச்சிக்கே ஏறிவிடும்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. புதர் அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. யானை, காட்டுமாடு, மான்களுக்கு மேய்ச்சல் குறைகிறது. தீவனம் தேடி யானை ஊருக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக சொல்லப்படுகிறது.

தீத்தடுப்பு கோடுன்னா என்ன?

காட்டுச் சாலைகளின் இருபுறமும், காட்டு எல்லைகளிலும் சில மீட்டர் அகலத்துக்கு புல், புதரை வெட்டி, சருகைக் கூட்டி, கட்டுப்பாட்டோடு எரித்துவிடுவார்கள். ஒரு பக்கம் தீ வந்தாலும், இந்த வெற்று நிலத்தைத் தாண்ட எரிபொருள் கிடைக்காமல் நின்றுவிடும். கோடை தொடங்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். உள்ளூர் பழங்குடி மக்கள் தீத்தடுப்புக் காவலர்களாக இதில் வேலை செய்கிறார்கள்.

ஆனால் காற்று பலமாக இருந்தால் தீப்பொறி கோட்டைத் தாண்டிப் பறக்கும். அதனால் கோடு மட்டும் போதாது. உள்ளே இருக்கும் புதரையும் குறைக்கணும்.

வெட்டினால் போதுமா?

போதாது. மேலாக வெட்டினால் உண்ணிச்செடி இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அடிக்கட்டையில் இருந்து மறுபடி வரும்.

அதனால் மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டு காயவிடும் முறை பயன்படுகிறது. டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு உருவாக்கிய முறை இது. காய் விடும் முன்பே செய்வது முக்கியம். ஏன்னா, பழத்தைத் தின்னும் பறவைகள்தான் விதையைப் பரப்புகின்றன.

அகற்றிய இடத்தில் நாட்டுப் புல், மூங்கில், உள்ளூர் மரங்கள் வர வேண்டும். அடுத்த சில ஆண்டுகளுக்கு புதிதாக முளைக்கும் கன்றுகளையும் பிடுங்கணும். இல்லைன்னா செலவழித்த பணம் வீண். முழுக் காட்டையும் ஒரே நேரத்தில் வெறுமையாக்கினால் மண் அரிக்கும். அதனால் பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும்.

பழங்குடி மக்கள் சொல்வது என்ன?

கர்நாடகாவின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளிகர்கள், கோடையின் தொடக்கத்திலேயே சிறு சருகுத் தீ வைக்கும் பழக்கம் கொண்டவர்கள். 1974-ல் அங்கே சரணாலயம் வந்த பிறகு அது தடை செய்யப்பட்டது. தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் வாதம். அங்கே நடந்த ஆய்வில், 1997-ல் 41 சதவீத இடங்களில் இருந்த உண்ணிச்செடி, 2008-ல் 81 சதவீத இடங்களில் காணப்பட்டது. ஆனால் புதர் மண்டிய இன்றைய காட்டில் அதே தீயை வைத்தால் அது சிறு தீயாக இருக்காது. முதலில் புதரை அகற்றணும். சிறு தீக்கு மறுபடி அனுமதி தரலாமா என்ற விவாதம் தொடர்கிறது.

வெட்டிய செடி என்ன ஆகும்?

உண்ணித் தண்டில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். நீலகிரி பகுதி பழங்குடி கலைஞர்கள் செய்த முழு உருவ யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் வைக்கப்பட்டன. முதுமலையில் பரவிய மற்றொரு அந்நிய மரமான மஞ்சள் கொன்றை, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு காகிதக்கூழ் தயாரிக்கப் போகிறது. அந்நியத் தாவரங்களை அகற்றி காட்டை மீட்க, தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

காட்டுப் பக்கம் போறீங்களா? இதைக் கவனிங்க

* கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டவோ, புகைபிடிக்கவோ கூடாது.
* அனுமதி இல்லாத மலையேற்றம் வேண்டாம். குரங்கணி விபத்துக்குப் பிறகு 2018-லேயே இதற்குத் தனி விதிகள் வந்துவிட்டன.
* காட்டை ஒட்டிய தோட்டத்தில் குப்பை, சருகை எரிக்காதீர்கள்.
* தீ பார்த்தால் சரிவில் மேல்நோக்கி ஓடாதீர்கள். தீ மேட்டில் வேகமாக ஏறும். உடனே வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.