கடல் கடந்த கிதாபுகள்: நூலும் நீதியும் பற்றிய ஒரு வரலாறு



மார்க்கத் தீர்ப்புக் கேட்டு ஒருவர் வந்தால், கையில் அகப்பட்ட கிதாபைத் திறந்து படித்துக் காட்டிவிடுவது ஃபத்வா ஆகாது. அது எந்த நூல், அதில் உள்ள சொல் மத்ஹபில் நிலைபெற்றதா அல்லது பின்வந்த இமாம்களால் விடப்பட்டதா, கேட்பவர் எந்த மத்ஹபைப் பின்பற்றி எந்த ஊரில் வாழ்பவர் என்ற மூன்றையும் முஃப்தி ஆராய வேண்டும். ஃபத்வா வழங்கும் நெறி பற்றி திமிஷ்கு நகரத்து அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) தனி நூலே எழுதியிருக்கிறார்கள். எந்தக் கிதாபை நம்பித் தீர்ப்புச் சொல்லலாம், எதை மற்றொரு நூலோடு ஒப்பிடாமல் எடுக்கக்கூடாது என்பது நம் முன்னோர் கற்றும் கற்பித்தும் வந்த ஒரு கலை. இன்றைய உலகில் சட்ட நூலகர்கள் செய்யும் பணியின் சாரமும் இதுவே.

இந்தக் கலை கைவிடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை நம் சமுதாயத்தின் சட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1772-ஆம் ஆண்டு வங்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், திருமணம், வாரிசுரிமை போன்ற வழக்குகளில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமும் இந்துக்களுக்குச் சாஸ்திரச் சட்டமும் வழங்கப்பட வேண்டும் என்று விதித்தார். ஆனால் தீர்ப்புச் சொல்ல அமர்ந்த ஆங்கில நீதிபதிகளுக்கு அரபு மொழி தெரியாது. ஆகவே மவ்லவிகள் நீதிமன்ற அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர். நீதிபதி கேட்பார், மவ்லவி கிதாபுகளைப் பார்த்து விடை எழுதித் தருவார். 1780-இல் கல்கத்தா மத்ரஸாவை ஹேஸ்டிங்ஸ் நிறுவியதற்கும் இத்தகைய அலுவலர்களை உருவாக்க வேண்டும் என்பது ஒரு காரணம்.

நாளடைவில் நீதிபதிகளுக்கு மவ்லவியை நம்பியிருப்பதில் மனம் ஒப்பவில்லை. தாமே படித்தறிய ஆங்கிலத்தில் நூல் வேண்டும் என்று விரும்பினர். அதன் விளைவாக, ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' மொழிபெயர்க்கப்பட்டது. முதலில் மவ்லவிகள் அதை அரபியிலிருந்து பாரசீகத்துக்குக் கொண்டுவந்தனர். அந்தப் பாரசீக நூலிலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்துக்குப் பெயர்த்தார். 1791-இல் அது நான்கு பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. ஹிதாயாவில் பாகப்பிரிவினைக்கென்று தனிப் பாடம் இல்லை. அந்தக் குறையை நிரப்ப, வாரிசுரிமை நூலான 'சிராஜிய்யா'வை சர் வில்லியம் ஜோன்ஸ் அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் 1865-இல் 'ஃபதாவா ஆலம்கீரி'யிலிருந்து பல பகுதிகளைத் திரட்டி நீல் பெய்லி ஒரு தொகுப்பு நூல் தந்தார்.

இம்முயற்சிகள் எளியவை அல்ல. அவற்றால் பயனும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஹிதாயா சட்டசபை இயற்றிய சட்டம் போன்றதன்று. அது ஆசிரியர் முன்னமர்ந்து ஓத வேண்டிய கிதாபு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒன்று சொல்வார்கள். அவர்களின் மாணவர்கள் இருவரும் வேறொன்று சொல்வார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) மறுப்பார்கள். அவர் சொல்லுக்கு ஆதாரமும் அதற்கு விடையும் தொடரும். எந்தச் சொல்லின்படி ஃபத்வா வழங்கப்படுகிறது என்பதை அதன் ஷரஹுகளையும் பிற்கால நூல்களையும் அறிந்தவரே சொல்ல முடியும். அந்தத் தொடரிலிருந்து ஒரு நூலை மட்டும் பிரித்தெடுத்து, இரு மொழிகளைக் கடந்து வந்த வடிவில் நீதிமன்ற அலமாரியில் வைத்தபோது, சொற்கள் வந்து சேர்ந்தன. அவற்றை எடைபோடும் அறிவு வந்து சேரவில்லை.

1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் நீதிமன்றங்களிலிருந்த மவ்லவிப் பதவிகளையும் பண்டிதர் பதவிகளையும் நீக்கிவிட்டது. அதன்பின் கேட்டுத் தெளிய நீதிமன்றத்துக்குள் ஆள் இல்லை. ஆங்கில நூல்களும் முந்தைய தீர்ப்புகளுமே எஞ்சின. ஒரு நீதிபதி தவறாகப் புரிந்துகொண்டாலும் அது முன்மாதிரித் தீர்ப்பாகி, கீழுள்ள நீதிமன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தியது.

இதன் விலையைக் குடும்ப வக்ஃபுகள் கொடுத்தன. சொத்தை அல்லாஹ்வுக்காக நிறுத்திவைத்து, அதன் வருவாயைத் தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அனுபவித்து, சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேரட்டும் என்று எழுதிவைப்பது நூற்றாண்டுகளாக இருந்துவந்த வழக்கம். உறவினருக்குக் கொடுப்பதும் தர்மமே என்பது நம் மார்க்கம். ஆங்கிலச் சட்டத்தின் பார்வையிலோ தர்மம் என்பது வெளியாருக்குக் கொடுப்பது. 1892-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, நீதிபதி சையத் அமீர் அலி அரபு மூலநூல்களை எடுத்துக்காட்டி, குடும்ப வக்ஃபு செல்லும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. 1894-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், அபுல் ஃபதா வழக்கில், வங்கத்துச் சகோதரர் இருவர் எழுதிவைத்த வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கான பங்கு நெடுந்தொலைவில் இருப்பதால் அது பெயரளவிலானதே என்பது அதன் கருத்து.

பெரியோர் தேடிவைத்த சொத்து பிள்ளைகளின் கைவிட்டுப் போகும் நிலை பல வீடுகளில் வந்தது. அல்லாமா ஷிப்லீ நுஃமானீ (ரஹ்) போன்றோர் உலமாக்களின் கருத்துகளைத் திரட்டிப் பாடுபட்டனர். முகம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1913-இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அதற்கு முன் எழுதப்பட்ட பத்திரங்களுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் கூறின. அக்குறையைத் தீர்க்க 1930-இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஒரு தீர்ப்பைச் சரிசெய்ய 36 ஆண்டுகள்!

கதை இந்தியாவோடு முடியவில்லை. பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு கடல் கடந்து பயணம் செய்யும். இந்தியச் சட்டமன்றத்தின் சட்டம் செய்யாது. 1950களின் தொடக்கத்தில் கென்யாவின் கடற்கரையிலிருந்து ஒரு குடும்ப வக்ஃபு வழக்கு பிரிவி கவுன்சிலை அடைந்தது. அப்பகுதி முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். அப்படியிருந்தும் ஹனஃபி வக்ஃபு பற்றிய 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்பே அவர்களுக்கும் பொருத்தப்பட்டது. இந்தியாவில் அத்தீர்ப்பின் விளைவு சட்டத்தால் நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சட்டம் கென்யாவைக் கட்டுப்படுத்தாது. நோய் கப்பலேறியது, மருந்து கரையிலேயே நின்றுவிட்டது.

ஷாஃபிஈ நூல்களின் பயணமும் நேரான பாதையில் நடக்கவில்லை. இலங்கை முஸ்லிம்களின் முதல் சட்டத் தொகுப்பு டச்சுக்காரர்கள் வழியாக வந்தது. ஜாவாவின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் உருவான தொகுப்பொன்று, ஆளுநர் ஃபால்க் காலத்தில் 1770-ஐ ஒட்டி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் கருத்தைக் கேட்டு, சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியால் 1806-இல் அது சட்டமானது. நம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இன்றும் மதிப்போடு ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலுக்கும் இதே விதிதான். டச்சு அரசுக்காக வான் டென் பெர்க் அதைப் பிரெஞ்சில் பெயர்த்தார். 1882 முதல் 1884 வரை அது பத்தாவியாவில் அச்சானது. அரபு அறிஞரான ஸ்னூக் ஹர்க்ரோன்யே அதன் பிழைகளைக் கடுமையாகக் கண்டித்தார். அதே பிரெஞ்சு நூலிலிருந்து, சிங்கப்பூரில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஹோவர்ட் 1914-இல் ஆங்கில நூல் ஆக்கினார். அரபு தெரியாத நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இமாமின் சொல்லை இரு மொழித் திரைகளுக்கு அப்பாலிருந்தே பார்த்தனர். மின்ஹாஜின் சொல்லைத் துஹ்ஃபாவோடும் நிஹாயாவோடும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஷாஃபிஈ மத்ரஸா மாணவர் அறிவார். அந்த ஆங்கில நூலை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு அதை யார் சொல்வது?

இலங்கையில் 1931-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. இறந்தவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் முஸ்லிம் சட்டமே அவருடைய சொத்துக்குப் பொருந்தும் என்று அது விதித்தது. முஃப்தி ஆராய வேண்டிய மூன்றாவது விஷயத்தை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றில் வரும் பலரைத் தீயவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஹாமில்டனும் ஜோன்ஸும் உழைப்பாளிகள். குறை எங்கே என்றால், நூலைப் பெற்றதே சட்டத்தைப் பெற்றதாகும் என்று எண்ணியதில்தான். நல்ல சட்ட நூலகர் இந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்துபவர். ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுக்கும்போது, அது எந்த நாட்டினுடையது, மேல் நீதிமன்றம் அதை மாற்றியதா, பின்வந்த சட்டம் அதை நீக்கியதா, கையிலிருப்பது மூலமா மொழிபெயர்ப்பா என்பவற்றையும் சேர்த்தே அவர் தருவார். ஹதீஸ் கலையில் ஸனதைப் பார்க்காமல் மத்னை ஏற்காத சமுதாயத்துக்கு இது புதிய பாடம் அன்று.

இன்று சட்டங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. 1992-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும், 1995-இல் ஆஸ்திரேலியாவின் இரு பல்கலைக்கழகங்களும் சட்டங்களை இணையத்தில் கட்டணமின்றித் தரத் தொடங்கின. இந்திய அரசும் மத்தியச் சட்டங்களை இணையத்தில் வைத்துள்ளது. இது பெரும் நிஃமத். ஆனால் கைக்கு எளிதில் எட்டுவதாலேயே பழைய ஆபத்தும் பெருகியிருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்யும் மகனும், சிங்கப்பூரில் குடியேறிய மகளும், ஊரில் வாழும் பெற்றோரும் ஒரே குடும்பம். அவர்களை ஆளும் சட்டங்கள் ஒன்றல்ல. நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை, வக்ஃபு ஆகியவற்றில், எங்கோ ஒரு நாட்டின் தீர்ப்பு வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கையெழுத்திட்டால், இழப்பது நம் பிள்ளைகளின் உரிமையாக இருக்கலாம்.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் வக்ஃபுப் பத்திரங்களையும் நிக்காஹ் பதிவுகளையும் பத்திரமாக வைத்து, பிரதி எடுத்து, அவை இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஐயம் எழுந்தால் மார்க்கம் அறிந்த ஆலிமிடமும், அந்நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடமும் சேர்த்தே கேளுங்கள். எந்த நூல், இன்றும் நடப்பில் உள்ளதா, நமக்குப் பொருந்துமா என்று அவ்விருவரிடமும் கேட்கத் தயங்காதீர்கள். உண்மையான ஆலிம் அந்தக் கேள்விகளால் மனம் வருந்தமாட்டார், மகிழ்வார்.

பயனுள்ள கல்வியையும், அதை உரிய இடத்தில் வைத்துப் பார்க்கும் விளக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.