கொட்டிலில் பிறந்த நெருப்பு

கெடாவின் பீடோங், லூனாஸ், பாடாங் செராய்ப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டில் நினைவிருக்கும். பால்மரம் வெட்டப் போகுமுன் சாணத்தை வாரிக் குழியில் தட்டிவிட்டுப் போவார்கள். மழை பெய்த மறுநாள் குழித் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி உடையும். அந்தக் குமிழிக்குள் இருந்த மீத்தேன் உலகம் சுற்றிய வாயு.

1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கழியால் கிளறி, எழும்பிய குமிழிகளைப் போத்தலில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். பின்னாளில் மின்கலம் செய்த அதே வோல்டாதான். தீப்பிடிக்கும் ஊற்று ஒன்றைப் பற்றி ஒரு பாதிரியார் சொல்லி வைத்ததுதான் அவரைத் தூண்டியது. 1808இல் ஹம்ப்ரி டேவி அதே வாயுவை மாட்டுச் சாணத்திலும் கண்டார்.

அதற்குப் பிறகு அது விளக்குக்குப் போயிற்று. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் சாக்கடைத் தொட்டி வாயுவில் விளக்கு எரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாய் மாட்டுங்காவின் தொழுநோயாளர் இல்லத்திலும் எரிந்தது. 1920களில் சீனாவின் சுவாத்தோவில் லுவோ குவோருய் வாயுத்தொட்டி கட்டி விளக்கு வியாபாரமே தொடங்கினார். நம் கெடாவின் தியோச்சியூ குடும்பங்கள் பல அந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறியவைதாம். இந்தியாவில் 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு மூடி வைத்த தொட்டியை அமைத்தார். வாயு சேரச் சேர மூடி மேலே எழும்பும், அடுப்பு எரிய எரிய இறங்கும். மீதி எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதைக் காதி கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது.

இத்தனைக்கும் இந்த வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எந்த இனம் என்பது 1977இல்தான் தெளிந்தது. பாக்டீரியா என்றே நினைத்திருந்த இந்த உயிர்களைத் தனிக் கிளை என்று கார்ல் வோஸ் பிரித்துக் காட்டினார். காற்றுப் புகாத இடமே அவற்றுக்கு வீடு: மாட்டின் வயிறு, சாணக் குழி, தண்ணீர் கட்டிய கெடா வயல் சேறு.

அங்கிருந்துதான் நிலக்கரிக்குத் தாவல். அமெரிக்காவின் பவுடர் ஆற்றுப் படுகையில் நிலக்கரிக்குள் இருந்த மீத்தேனில் பெரும்பங்கு நுண்ணுயிர்கள் செய்தது என்று தெரியவந்ததும், சாணத்து உயிர்களைக் கரியில் விட்டால் என்ன என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். கரியைப் பொடித்து, சாணக் கரைசல் ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்து வைப்பார்கள். பக்கத்தில் கரியில்லாத சாணப் போத்தல் ஒன்றும் இருக்கும். அதில் வரும் வாயுவைக் கழித்தால்தான் கரி கொடுத்தது எவ்வளவு என்று தெரியும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் கரியின் கட்டமைப்பை உடைப்பது கடினம். ஒரு கூட்டம் உடைக்க, இன்னொன்று புளிக்கவைக்க, கடைசியில்தான் மீத்தேன்.

பத்து ஆராங் சுரங்கத்தில் கரி வெட்டியவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1960இல் அது மூடப்பட்டது. பூமிக்குள் கிடக்கும் கரியை மறுபடி கிளறலாமா? 2010இல் தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்ட பிறகு, நிலத்தடி நீர் போய்விடும் என்று விவசாயிகள் எழுந்தார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அத்திட்டத்தை எதிர்த்த பிரசாரப் பயணத்திலேயே உயிர் துறந்தார். அந்த அச்சம் நியாயமானது.

நம்மிடம் கைக்கெட்டிய வழி இருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டங்களைச் சுற்றி ஆலைக் கழிவுக் குட்டைகள் உண்டு. அவற்றில் பிறக்கும் மீத்தேனைத் திறந்துவிட்டால், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மூடிப் பிடித்தால் மின்சாரம். புதிய ஆலைகளுக்கு 2014 முதல் மலேசியா மீத்தேன் வெளியேறாமல் தடுப்பதைக் கட்டாயமாக்கியது. புதுத் தொட்டியைக் கிளப்பிவிட இன்றும் பல இடங்களில் ஊற்றுவது கரைத்த மாட்டுச் சாணம்தான். கரி நிலத்துக்குள்ளேயே கிடக்கட்டும், முதலில் பழைய ஆலைகளின் குட்டைகளை மூடுங்கள்.