ராஜபாளையம் என்று போட்டால் நாய்தான் வருகிறது

என் சித்தப்பா மகன் சத்திரப்பட்டியில் சின்னதாக ஒரு பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கிறான். 12 விசைத்தறி. நெய்வதெல்லாம் புரோக்கர் வழியாகப் பெரிய கம்பெனிக்குப் போய், வேறு பெயரில் பெட்டியில் அடைபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். போன தீபாவளி கழிந்ததும் புரோக்கர் விலையைக் குறைத்துவிட்டார். நேரடியாக ஆர்டர் பிடிப்போம் என்று இவன் லிங்க்ட்இனில் கணக்குத் தொடங்கினான். துணியைப் படம் எடுத்துப் போட்டு, கீழே ராஜபாளையம், தமிழ்நாடு, பிசினஸ், சக்சஸ் என்று ஒரு டஜன் ஹேஷ்டேக். ஒரு மாதம் கழித்து போன் பண்ணினான்.

"அண்ணே, ரெண்டே பேருதான் மெசேஜ் போட்டிருக்காங்க. ஒருத்தர் வேலை கேக்காரு. இன்னொருத்தர் நாய்க்குட்டி என்ன விலைன்னு கேக்காரு."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயர் என்றால் வெள்ளை நாய்தான். துணிக்காரன் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டால் நாய் வாங்குகிறவர்தானே வருவார்?

அன்று இரவு ஹேஷ்டேக்கின் கதையைத் தேடிப் படித்தேன். சின்ன வரலாறுதான். 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர், ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒன்றுசேர # குறியைப் பயன்படுத்தலாமா என்று ட்விட்டரில் கேட்டார். அவர் கொடுத்த உதாரணம் பார்கேம்ப் என்ற கூட்டம். அந்த அக்டோபரில் சான் டியேகோ பக்கம் காட்டுத்தீ பரவியபோது, செய்தி சொன்னவர்கள் ஒரே குறிச்சொல்லைப் போட, அதன் பயன் பலருக்குப் புரிந்தது. 2009இல் ட்விட்டரே அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக்கியது. மெசினா காப்புரிமை வாங்கவில்லை. ஹேஷ்டேக் யாருக்கும் சொந்தமில்லை. யாரும் போடலாம், எதற்கும் போடலாம்.

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து விறகடுப்பில் கிண்டிய பால்கோவா, கோயிலுக்கு வந்தவர்கள் கையோடு ஊர் ஊராகப் போனது. இனிப்போடு ஊர்ப்பெயரும் போனது. பிறகு பெயர் மட்டும் தனியாகப் போக ஆரம்பித்தது! எங்கேயோ கிண்டிய கோவாவுக்கும் 'ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று அட்டைப்பெட்டி. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் குறியீடு கிடைத்தது 2019இல். பதிவு பெற்ற பயனாளர்தான் அந்தக் குறியீட்டைப் போடலாம், மற்றவர் போட்டால் வழக்கு. ஆனால் ஹேஷ்டேக்கைக் கவனிக்க அப்படி ஒரு பதிவாளர் கிடையாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு வம்பு. ரயில்வே ஆங்கிலத்தில் 'புத்தூர்' என்பதற்கு இரண்டு 'டி' போடுகிறது. கடைக்காரர்கள் பலர் 'டி'யும் 'ஹெச்'சும் போடுகிறார்கள். தமிழிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர் என்று இரண்டு. நமக்கு ஒரே ஊர், கம்ப்யூட்டருக்குத் தனித்தனி டப்பா. நடுவில் இடம் விட்டால் முதல் சொல்லோடு குறி முடிந்துவிடும், 'பால்கோவா' வெளியே நிற்கும். ராஜபாளையத்துக்கும் ஆங்கிலத்தில் ஓர் 'ஐ' கூட்டியும் குறைத்தும் எழுதுகிறவர்கள் உண்டு.

பால்கோவா விற்கிறவர் ஊர்ப்பெயரை விடவே கூடாது, அந்தப் பெயர்தான் அவருடைய முதல். சத்திரப்பட்டி துணிக்கு அந்த யோகம் இல்லை. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆனால் காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர் துணி எந்த ஊர் என்று பார்ப்பாரா? ஆஸ்பத்திரிக்கு வாங்குகிறவர் தேடுவது சரக்கின் பெயர்: பேண்டேஜ் கிளாத், அப்சார்பென்ட் காஸ், சர்ஜிக்கல் டிரெஸ்ஸிங். அங்குலத்துக்கு எத்தனை இழை, எவ்வளவு அகலம். இவன் போட்ட 'பிசினஸ்', 'சக்சஸ்' எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். சரக்கின் பெயர் மூன்று, வாங்குகிற தொழிலின் பெயர் ஒன்று, அவ்வளவுதான். ஊர்ப்பெயரைக் குறியில்லாமல் பதிவுக்குள் ஒரு வரியாக எழுதச் சொன்னேன். அவனுக்கு மனசே இல்லை.

"ஊர்ப் பேரையே எடுக்கச் சொல்லுதியளே அண்ணே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் தாத்தா காலத்துத் தறி இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. தலைமுறையாக நெய்தும் துணியில் ஊர்ப்பெயர் ஏறவில்லை, இப்போது பேரனும் அதை எடுக்க வேண்டும் என்றால் உறுத்தத்தானே செய்யும். படத்தில் துணி மடிப்புக்கு மேலே 'சத்திரப்பட்டி' என்று சீட்டு எழுதி வைத்துக்கொள் என்றேன். அதற்குச் சம்மதித்தான்.

நேற்று மறுபடி அழைத்தான். ஈரோட்டிலிருந்து ஒருவர் 19-க்கு 15 இழையில் சாம்பிள் கேட்டிருக்கிறாராம். கூரியர் அனுப்பிவிட்டான், விலை இன்னும் பேசவில்லை. நாய்க்குட்டி கேட்டவருக்கும் யாரோ தெரிந்தவர் நம்பரைக் கொடுத்துவிட்டானாம்.