ரபாப் முதல் எட்டயபுரம் வரை

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியே தென்திசை நோக்கிச் செல்வோமாயின், கரிசல் நிலத்தின் நடுவே எட்டயபுரத்தை அடைவோம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடக்கமாகியிருப்பது இவ்வூரில்தான். இசை மேதை முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் இவ்வூரில்தான். இவ்விருவரையும் ஒருங்கே நினைக்கும்போது, ஓர் இசைக்கருவியின் நெடும்பயணம் நம் கண்முன் விரிகின்றது.

தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார்; அதனைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்; பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். ஆதலின் வயலினை வெள்ளையர் தந்த கருவி என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

பக்தாதில் இசை பயின்ற ஸிர்யாப் 822இல் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடைந்தார். அரபியரின் ‘அல் ஊத்’ ஐரோப்பாவில் ‘லூட்’ எனப் பெயர் பெற்றது. வில்லால் இழைக்கும் ‘ரபாப்’ அங்கே ‘ரெபெக்’ ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் மன்னர் பத்தாம் அல்போன்சோ தொகுப்பித்த பாடற்சுவடியின் ஓவியம் ஒன்றில், முஸ்லிம் கலைஞரும் கிறிஸ்தவக் கலைஞரும் அருகருகே அமர்ந்து நரம்புக் கருவி மீட்டக் காண்கின்றோம்.

அந்த ரெபெக், வயலினின் முன்னோர்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வயலின் உருப்பெற்றது. கிரிமோனா நகரில் அதனைச் செம்மையின் உச்சிக்குக் கொண்டு சென்ற ஸ்ட்ராடிவாரி, உமறுப் புலவர் வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தவர்.

ஐரோப்பியத் திருச்சபைப் பாடலும் தொடக்கத்தில் நம் பண்களைப் போல ஒரே குரலோட்டமாகவே இருந்தது. பின்னர் அதனோடு இரண்டாம் குரல் சேர்ந்தது. மூன்றும் நான்கும் சேர்ந்தன. பாக் (1685–1750) காலத்தில் பல குரல்கள் ஒன்றையொன்று பின்னிச் செல்லும் பெருங்கலையாக அது வளர்ந்தது. நமது இசையோ ஒற்றை இழையிலேயே நின்று, கமகத்தால் ஆழம் கண்டது.

அவ்வாறாயின், அந்த இசையின் கருவி இங்கே எவ்வாறு பொருந்தியது? ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நிலைத்து நிற்பது. வயலினிலோ மெட்டுக்கள் இல்லை; விரல் வழுக்கிச் செல்லலாம்; குரல் குழைவதைப் போல நாதமும் குழையும். நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைப் பாதத்தில் ஊன்றி, தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி கூட்டிக்கொண்டனர். கருவி மாறவில்லை, அதனைப் பிடித்த முறையும் பேசவைத்த மொழியும் மாறின.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப் புலவர் தமிழ்க் காப்பிய மரபில் பாடினார். ஐரோப்பியக் கருவியைப் பாலுசாமி தீட்சிதர் நம் இராகங்களைப் பாடச் செய்தார். தொலைவிலிருந்து வந்ததைத் தமதாக்கிக்கொண்ட செயல் இரண்டிலும் ஒன்றே. எட்டயபுரம் செல்லும் அன்பர்கள், புலவரின் அடக்கத்தலத்தையும் தீட்சிதரின் நினைவிடத்தையும் ஒரே நாளில் கண்டு வருதல் நலம்.