தேர்வு மேசை – 12: விழிஞத்துப் பையனும் இரண்டு பந்துகளும்

சென்ற வாரம் 1984-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூடைப்பந்து டிராஃப்டைப் பார்த்தோம். அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நாள் அது. இரண்டாவது முறை போர்ட்லண்டுக்கு வந்தது. கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருக்கிறார், வேண்டியது உயரமான சென்டர்தான் என்று, கால் எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு பருவங்களை இழந்திருந்த சாம் போவியை எடுத்தார்கள். அடுத்த முறையில் சிகாகோவுக்குப் போனவர், டிரெக்ஸ்லர் ஆடிய அதே இடத்தில் ஆடும் மைக்கேல் ஜோர்டன். அவருக்கும் இரண்டாவது பருவத்திலேயே பாதம் முறிந்து 64 ஆட்டங்கள் போயின என்பது பலருக்கு நினைவில்லை. எடுக்கப்படுகிறவனால் என்ன ஆபத்து என்று எல்லோரும் பார்க்கிறார்கள். விடப்படுகிறவனால் என்ன நஷ்டம் என்பதை எந்தத் தேர்வுக் குழுவும் எழுதிவைப்பதில்லை.

அந்த நஷ்டக் கணக்கைத் திருவனந்தபுரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். விழிஞத்தை ஒட்டிய கடலோரக் கிராமமான புல்லுவிளையில் 1994-இல் பிறந்தவர் கிரிக்கெட் கீப்பரும் மட்டையாளருமான சஞ்சு சாம்சன். அப்பா சாம்சன் விஸ்வநாத் டெல்லி போலீஸில் கான்ஸ்டபிள், கால்பந்து வீரரும்கூட. டெல்லியின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குடும்பத்தை ஊருக்கே அழைத்து வந்துவிட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு சிறுவனின் மட்டையை நம்புவது சாதாரண முடிவல்ல. இந்தக் கதையிலேயே பெரிய ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டவர் அவர்தான்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் பிஜு ஜார்ஜிடம் பயிற்சி. 2011-இல் ரஞ்சி. 2012-இல் ஐ.பி.எல்.-இன் கொல்கத்தா அணி எடுத்து, ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் விட்டுவிட்டது. 2013-இல் ராகுல் டிராவிட் தலைமையிலான ராஜஸ்தான் வாய்ப்புக் கொடுத்தது. பெங்களூருக்கு எதிராக 63 ரன் அடித்தபோது பையனுக்கு 18 வயது. அந்த ஆண்டின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே.

இந்திய அணிக் கதவு மட்டும் திறந்து திறந்து மூடியது. 2015-இல் ஹராரேயில் ஒரு டி20. அடுத்ததற்கு நாலரை ஆண்டு காத்திருப்பு. இடையில், 2019 டிசம்பர் 8 அன்று காரியவட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆட்டம். சொந்த ஊர் மைதானம். சஞ்சு அணியில் இருக்கிறார், ஆனால் பெஞ்சில். கீப்பராக ஆடிய ரிஷப் பந்த் ஒரு கேட்சை விட்டதும் கூட்டம் 'சஞ்சு, சஞ்சு' என்று கத்தியது. ரிஷப் பந்தைக் கேலி செய்தது தப்புதான். ஆனாலும் தேர்வுக் குழு பதிவுசெய்யாத நஷ்டத்தை அன்று அந்தக் கூட்டம் உரக்கச் சொன்னது என்றே நினைக்கிறேன்.

அடுத்த மாதம் புனேயில் ஒருவழியாக வாய்ப்பு வந்தது. முதல் பந்தில் சிக்ஸர். இரண்டாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. இரண்டு பந்தை வைத்து யாரை எடைபோட முடியும்?

2021 ஏப்ரல், வான்கடே. ராஜஸ்தான் கேப்டனாக அவருக்கு முதல் ஆட்டம். பஞ்சாபுக்கு எதிராக 222 இலக்கு. கடைசி இரண்டு பந்தில் ஐந்து ரன் வேண்டும். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடியிருக்கலாம். மறுமுனையில் இருந்த கிறிஸ் மோரிஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசிப் பந்தை வீசியவர் அர்ஷ்தீப் சிங். சஞ்சு ஓங்கி அடித்தார், எல்லைக்கோட்டருகே கேட்ச். 119 ரன் எடுத்தும் நான்கு ரன்னில் தோல்வி. அந்த ஒரு ரன்னை மறுத்த துணிச்சல்தான் அதுவரை 119-ஐ அடித்திருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க முடியாது.

2024 டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோதும் அவர் முழுக்கப் பெஞ்சில்தான். பிறகு தொடக்க ஆட்டக்காரராகத் தொடர்ந்து இறக்கினார்கள். அக்டோபரில் ஹைதராபாத்தில் 111. நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆட்டங்கள்: 107, 0, 0, ஆட்டமிழக்காமல் 109. அந்த இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் சேர்த்து அவர் ஆடியது ஐந்தே பந்துகள். செஞ்சுரியனில் அவர் பூஜ்ஜியத்தில் போன அன்று திலக் வர்மா 107 அடித்து ஜெயிக்கவைத்தார். டி20-யில் சீக்கிரம் அவுட்டாகிறவன் மிச்சப் பந்துகளை அடுத்தவனுக்கு விட்டுப்போகிறான். நிலைத்துவிட்டால் ஆட்டத்தையே முடித்துவிடுகிறான். அப்படிப்பட்டவரை ஆண்டுக்கு ஓர் ஆட்டம் என்று சோதிப்பது அநியாயம். டெஸ்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பூஜ்ஜியத்தின் விலை வேறு.

2025 நவம்பரில் நம் சென்னை அணியே இந்தக் கணக்கைப் போட்டது. 18 கோடி ரூபாய் சஞ்சுவை வாங்க, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. அப்போது கீப்பர் தோனிக்கு வயது 44, ஜடேஜாவுக்கு 37 நெருங்கியிருந்தது, சஞ்சுவுக்கு 31. போர்ட்லண்டைப் போல ஆள் தேவையை மட்டும் பார்த்துச் செய்த தேர்வு இல்லை இது. தேவையும் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தன. அதனால் சென்னை செய்தது சரி என்பதே என் கட்சி. ஆனால் கொடுத்தது யாரை? 2023 ஐ.பி.எல். இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது, சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்த ஜடேஜாவை.

(தொடரும்)