முகமில்லாக் கற்கள்

பிரான்சின் ரொடே நகரிலுள்ள ஃபெனாய் அருங்காட்சியகத்தில் நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள செதுக்கிய நடுகற்கள் நிற்கின்றன. 1888இல் வெளிச்சத்துக்கு வந்த சான்-செர்னான் கல்லில் கண், மூக்கு, கழுத்தணி, இடைக்கச்சு, கால்கள் எல்லாம் உண்டு. வாய் மட்டும் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் பாதிச் செய்தியாவது அதன் உடம்பிலேயே இருக்கும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாகரைக்கும் அப்பால், கதிரவெளியிலுள்ள பெருங்கற்காலக் கல்லறைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை பலகைக் கற்களை நிறுத்தி அமைத்த ஈமச் சின்னங்கள். ஒரு பலகையைப் பெயர்த்து மட்டக்களப்புக் கோட்டைக்குள் காட்சிக்குச் சாத்தி வைத்தால் பார்ப்பவருக்கு அது வெறுங்கல்தான். ஆகவே அருங்காட்சியகம்தான் கதிரவெளிக்குப் போகவேண்டும்.

இது வெறும் ஊர்ப்பற்று அல்ல என்பதற்குத் தம்புள்ளைக்கு அருகிலுள்ள இப்பன்கட்டுவ சாட்சி. அங்கே நாற்புறமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, உள்ளே தாழி வைத்திருக்கிறார்கள். தாழியில் சாம்பல்; கூடவே சூதுபவள மணிகள். அந்தக் கல் இலங்கைக்கு உரியதல்ல, கடல் கடந்து வந்திருக்கவேண்டும். கல்லறைகளின் காலம் ஏறக்குறைய கி.மு. 700–400 என்று கணிக்க முடிந்ததும் கலையாத அறைகளைத் தோண்டியதால்தான். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் கிடைத்த முத்திரையில் எழுத்தே இருக்கிறது. ஆனால் அது ஒரு பெருங்கற்கால அடக்கத்தில் கிடந்தது என்பதே அதன் மதிப்பில் பாதி. எழுத்துள்ள பொருளுக்கே இடம் இவ்வளவு முக்கியம் என்றால், கீறல்கூட இல்லாத பலகைக்கு?

புதையல் தோண்டுகிறவர்கள் விட்டுவைப்பார்களா என்று கேட்கலாம். பயம் நியாயமானது. போரும் 2004 ஆழிப்பேரலையும் அடித்துப்போட்ட கரை இது. எதுவும் நிலைக்கும் என்று அங்கே யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் காப்பாற்றுகிறேன் என்று கல்லைப் பெயர்ப்பவரும் புதையல்காரர் கலைத்த அதே மண்ணைத்தான் கலைக்கிறார். முதலில் ஒவ்வொரு கல்லறையையும் அளந்து, திசை குறித்து, படமெடுத்து, வேலி போடவேண்டும். அந்த வரைபடமும், முறையாகத் தோண்டும்போது கிடைக்கும் பானையும் மணியும் கோட்டைக்குப் போகட்டும்.

முகமில்லாத கல்லைப் பார்க்க யார் வருவார் என்பது அடுத்த கேள்வி. திருகோணமலை வீதி கதிரவெளி வழியாகத்தான் போகிறது. அறிவிப்புப் பலகையும் விளக்கம் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் நிற்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்தக் கற்கள் யாருடைய மூதாதையருடையவை என்ற சண்டை இந்தத் தீவில் ஓயப்போவதில்லை. எழுத்தில்லாத கல்லின்மேல் யாரும் எதையும் எழுதிவிடலாம். அப்படி எழுதுவதை மறுக்கவேண்டுமானால் அறையின் அமைப்பும் மண்ணடுக்கும் கலையாமல் இருக்கவேண்டும்.